என் பறவைதான் அது

— உன் மெஷின்ல பதிவானது என் பறவையோட சத்தம்தாம்மா. அப்படியே எழுதிக்க. வேற யார்கிட்டயும் கேக்க வேணாம்.

— அலீம் அங்கிள், ஒரு நிமிஷம். நான் பதிவு பண்ணது மஞ்சத் தலை புல்புல். உலகத்துலயே கொஞ்சம்தான் மிச்சம். உங்க அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னாடி காட்டுல அது தானா வாழுதுன்னா என் ரிப்போர்ட் ஒரு மாதிரி இருக்கும். யாரோ வளக்குற கூண்டுப் பறவைன்னா வேற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் வீடு வீடா வந்து விசாரிக்கிறேன்.

— விசாரிச்சாச்சுல்ல? நான்தான் வளக்குறேன். மலாய்க்காரங்க பாராவ் பாராவ்னு சொல்லுவாங்க. நான் சுல்தான்னு பேரு வச்சேன். பஸ் ஓட்டுற ஆளுக்குப் பறவையப் பத்தி என்ன தெரியும்னு நினைக்காத. பறவைங்க பாட்டுப் போட்டியில ரெண்டாவது பரிசு வாங்கினவன் அவன். தேக்கா மார்க்கெட்டுல பழுத்த பப்பாளியா பாத்து வாங்கிட்டு வருவேன். காயா இருந்தா மூக்கால தள்ளி விட்டுருவான், அவன் ஒரு துரை.

— காட்டுல எங்க வச்சுப் பாட விடுவீங்க?

— சைக்கிள் பாதை முடியுற எடத்துல பழைய ரம்புத்தான் மரம் இருக்குல்ல? அதுல மாட்டிட்டு, கீழ உக்காந்து கோப்பி குடிப்பேன். வீட்டுல கத்துனா மேல்வீட்டு ஆளு டவுன் கவுன்சிலுக்குப் போன் போட்டுருவான்.

— அந்த மரம் எனக்குத் தெரியும். சத்தமும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு.

— பாத்தியா? அதான் சொல்றேன்.

— ஆனா என் பதிவுல ரெண்டு பறவை பாடுது, அங்கிள். ஒண்ணு ஆரம்பிக்குது, இன்னொண்ணு முடிக்குது. ஜோடியா இருந்தா அப்படித்தான் பாடும். உங்ககிட்ட எத்தனை இருக்கு?

— ஒண்ணுதான்.

— அப்ப அந்த ரெண்டாவது?

— அது என் ஹேண்ட்போன்மா. அவன் சும்மா பாட மாட்டான். போன்ல இன்னொரு பறவையோட பாட்டப் போட்டுக் காட்டினா ரோஷம் வந்து பதில் சொல்லுவான்.

— அப்படி நடக்குறது உண்டுதான். இதுக்கு முன்னாடி வேற ஒரு சைட்ல அப்படித்தான் ஏமாந்தோம். நான் சுல்தானப் பாக்கலாமா?

— செத்துப் போச்சு. போன வாரம்.

— ஓ. கூண்டு இருக்கா?

— தூக்கிப் போட்டுட்டேன். பாத்தா மனசு கஷ்டமா இருந்துச்சு.

— வளக்குறதுக்கு லைசென்ஸ் வாங்கிருந்தீங்களா?

— இல்ல.

— அப்ப நான் ஒண்ணு சொல்லியாகணும். இத எழுத்துல குடுத்தா அதிகாரிங்க கைக்குப் போகும். உங்க மேல கேஸ் போடலாம். உங்க பஸ் கம்பெனிக்கும் தெரிய வரலாம்.

— வரட்டுமே.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிச்சுட்டுத்தான் கதவத் தொறந்தேன். எங்க கையெழுத்துப் போடணும்?

— அங்கிள், இந்த வேலையில நான் நிறையப் பேரப் பாத்திருக்கேன். கூண்டுல பறவை கத்திக்கிட்டு இருக்கும்போதே, பறவையா, எங்க இருக்குன்னு கேப்பாங்க. நீங்க, நான் கேக்காமலே ஒத்துக்குறீங்க.

— உண்மையச் சொன்னா தப்பா?

— அந்தக் காட்டு எடத்துல என்ன கட்டப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?

— லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டிருந்தான். மெடிக்கல் சென்டர். கீழ்த்தளத்துல டயாலிசிஸ்.

— உங்க வீட்டுல யாருக்காவது…

— என் சம்சாரத்துக்கு. நூருன்னிசா. உள்ள படுத்திருக்கா, மெதுவாப் பேசு. ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸுக்குக் கேலாங் கூட்டிட்டுப் போறேன். அங்கதான் எடம் கெடச்சிச்சு. இங்க சுவா சூ காங்லேர்ந்து ரயிலேறி, ஜூரோங் ஈஸ்ட்ல மாறி, எறங்கி, நடந்து. போறப்பவாவது பரவால்ல. முடிச்சுட்டு வர்றப்ப அவ மொகத்த நீ பாக்கணும். வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். ஒரு நாள் பிளாட்ஃபார்ம்லயே சரிஞ்சுட்டா. யாரோ ஒரு சீனப் பொண்ணு தாங்கிப் புடிச்சிச்சு. நான் டிக்கெட் கேட்ல கார்டத் தேடிக்கிட்டு நின்னேன்.

— டாக்ஸியில…?

— அதுக்கப்புறம் வர்றதுக்கு எடுக்குறேன். போறப்ப இவ ஏற மாட்டேங்குறா. ரயிலே போதும்னு அடம்.

— காட்டுப் பறவைன்னு நான் எழுதினாலும் சென்டர் நின்னுறாது, அங்கிள். பிளான மாத்தி வரையச் சொல்லுவாங்க. இல்லன்னா வேற எடம் பாப்பாங்க.

— வேற எடம்னா இந்தப் புளோக்குக்குப் பக்கத்துலயா வரும்?

— அது எனக்குத் தெரியாது.

— எப்ப வரும்?

— அதுவும் தெரியாது. சில வருஷம் தள்ளிப் போகலாம்.

— சில வருஷம்னு நீ சுலபமாச் சொல்லிட்ட. சரி, உன் மேல கோவமில்ல. உன் வேலை அது.

— இதெல்லாம் நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது.

— எழுதச் சொல்லலியே. பறவைய மட்டும் எழுது.

— சரி. நீங்க சொன்னத அப்படியே டைப் பண்ணிருக்கேன். படிச்சுப் பாத்துட்டு, கீழ விரலால கையெழுத்துப் போடுங்க.

— கண்ணாடி எங்க வச்சேன்…

— ஏங்க, யாரு வந்திருக்கா?

— நூரு, நீ ஏன் எழுந்து வந்த? போய்ப் படு.

— படுத்துப் படுத்து முதுகு வலிக்குது. வாம்மா, உக்காரு. வந்த புள்ளைக்குக் குடிக்க ஒண்ணும் குடுக்கலையா நீங்க?

— இருக்கட்டும், ஆண்ட்டி. என் பேரு வைஷாலி. பின்னாடி காட்டுல கட்டடம் வந்தா அங்க இருக்கிற உயிரினங்களுக்கு என்ன ஆகும்னு ஆய்வு பண்றேன். அங்கிள் தன்னோட புல்புல் பத்திச் சொல்லிட்டு இருந்தாரு.

— எந்தப் புல்புல்?

— நூரு, நான் பேசிக்கிறேன்.

— போன வாரம் செத்துப் போச்சாமே, ஆண்ட்டி. சுல்தான்.

— போன வாரமா? அல்லாவே! அது செத்தது கோவிட்டுக்கு முன்னாடிம்மா. இவரு ரெண்டு நாள் சாப்புடல.

— அங்கிள்?

— அவ மருந்து மயக்கத்துல பேசுறா.

— மயக்கமா? கிச்சன்ல வந்து பாரும்மா. அந்தக் கூண்டுலதான் வெங்காயம் போட்டு வச்சிருக்கேன்.

— அப்ப காலையில காட்டுல பாடுறது?

— அது காட்டுல இருக்குறது. நான் வடிச்ச கஞ்சியக் கொட்டுற நேரத்துக்கு ஆரம்பிக்கும். இவருகிட்டகூடச் சொன்னேன், உங்க சுல்தான் மாதிரியே பாடுதுன்னு. ஏங்க, சொன்னேனா இல்லையா?

— சொன்ன.

— அப்புறம் எதுக்கு இந்தப் புள்ளைகிட்ட…

— கையெழுத்து இன்னும் ஆகல, அங்கிள். நான் அழிச்சிடுறேன். நீங்க எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல.

— அழிக்காத. நூரு, கொஞ்சம் புரிஞ்சுக்க. அந்தப் பறவை காட்டோடதுன்னா சென்டர் இங்க வராமப் போனாலும் போயிரும். கூண்டோடதுன்னா சீக்கிரம் கட்டிருவான். ஒரு அபராதம் கட்டினா முடிஞ்சுது. ஒனக்காகத்தான் சொன்னேன்.

— அது எனக்குப் புரியாமலா? கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

— கேட்டுட்டா வந்த?

— கேலாங்கும் கேட்டுச்சு, கேஸும் கேட்டுச்சு.

— எல்லாம் தெரிஞ்சுமா வெங்காயத்தக் காட்டுற?

— தெரிஞ்சுதான்.

— ஆண்ட்டி, நான் உங்கள எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. ஆனா நீங்க இப்ப சொன்னத எழுதிட்டா, அது அப்படியே மேல போயிரும். உங்களுக்குத்தான் கஷ்டம்.

— எழுதிக்கம்மா. நூருன்னிசா சொன்னான்னு போட்டுக்க. ரெண்டு பறவை, காட்டுப் பறவை, கூண்டு காலி.

— ஒரு பறவைக்காகவா நூரு? நீ பிளாட்ஃபார்ம்ல சரிஞ்சு கெடந்தத நான் ஓடி வந்து பாத்தேன். நீ பாக்கல.

— பறவைக்காகன்னு நான் எப்பச் சொன்னேன்? அதுக்கு ரெக்கை இருக்கு, எங்கயாவது போய்ப் பொழச்சுக்கும்.

— பின்ன எதுக்கு?

— சென்டர் இங்கயே வந்துட்டா நீங்க எதுக்குங்க லீவு போடப் போறீங்க? நான் தனியா லிஃப்ட்ல எறங்கிப் போவேன், தனியா ஏறி வருவேன். இந்த வீட்டுல வந்தா உங்களுக்குத் தூக்கம், எழுந்தா பஸ்சு. கேலாங் போற ரயில்ல மட்டும்தானங்க நீங்க எங்கூடப் பேசுறீங்க.