அடக்க ஆராதனைக்கு ஓர் ஒத்திகை

காபி வேண்டாம் ஐயா. பாடுகிறவன் காபி குடித்தால் தொண்டை வறண்டுவிடும். இளஞ்சூட்டில் இஞ்சித் தண்ணீர், அதில் ஒரு கரண்டி தேன். எனக்கு அதுதான். என் பாடகர் குழுவையும் அதற்கே பழக்கியிருந்தேன். ஒத்திகைக்கு நான் ஃபிளாஸ்க் இல்லாமல் போனதே கிடையாது. அதோ, உங்கள் மேசைமேல் சீல் வைத்து நிற்கிறதே, அதேதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும்.

எங்கள் சபையில் தேர்தல் வரைக்கும் எல்லாரும் பாவிகளாகத்தான் இருந்தோம். தேர்தலுக்குப் பிறகு பாதிப் பேர் மட்டும் பாவிகள். எந்தப் பாதி என்பதில்தான் சண்டை. ஆளுங்கட்சிக்காரர்கள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஃபேனுக்குக் கீழே. கடவுள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காற்று இரண்டு பக்கமும் வந்தது.

போதகர் நாட்டின் தலைவருக்காக ஜெபித்தால் ஜன்னல் பக்கம் ஓட்டுக் கேட்கிற சத்தத்தில் 'ஆமென்' சொல்லும். ஃபேன் பக்கம் மொத்தமாக இருமும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வந்தால் ஃபேன் பக்கத்துத் தையல்காரம்மா கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார். ஜன்னல் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

"என்னக்கா, கை குடுத்தா ஒட்டிக்கும்னு பயமா?"

"ஓட்டுப் போட்ட கைதானே அது? போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா தம்பி."

இதெல்லாம் பீடத்துக்கு முன்னால், பாட்டு எண் அறிவித்த பிறகு.

போதகர் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். "அந்தப் பக்கத்துக்கு நல்லா உறைக்கிற மாதிரி சொன்னீங்க" என்று இரண்டு பக்கமும் அவரைத் தனித்தனியாகப் பாராட்டின. ஒற்றுமை விருந்து வைத்தார். இரண்டு பந்தி போட வேண்டியதாயிற்று. கடைசியில் ஆராதனையையே வெட்டினார்: ஜன்னலுக்கு ஏழு மணி, ஃபேனுக்கு ஒன்பது மணி. ஒரே ஆண்டவர், இரண்டு ஷிஃப்ட்.

அதோடு என் பாடகர் குழுவும் பிளந்தது. நான்கு குரல் ஐயா. பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களில் டெனர், பேஸ். ஆண்கள் பெரும்பாலும் ஜன்னல், பெண்கள் பெரும்பாலும் ஃபேன். ஏழு மணிக்குக் கேட்டால் லாரி ஷெட். ஒன்பது மணிக்குக் கேட்டால் கொசுக்கூட்டம். நான் இரண்டுக்கும் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நான் எந்தக் கட்சியும் இல்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ஞாயிறு பள்ளி டீச்சர் காலமானார். வயதாகி, தன் கட்டிலில், தானாகவே. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. சாவு வீட்டுக்குக் கட்சி பார்த்தா வருவார்கள்? எல்லாரும் வந்தார்கள். நான்கு குரலும் சேர்ந்து எழுந்தபோது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மருந்துக்கடைக்காரரும் தையல்காரம்மாவும் ஒரே கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த சில ஞாயிறுகள் ஒரே ஆராதனை.

போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்கல. டீச்சர் செத்து நடத்திக் காட்டிட்டாங்க."

அவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் எதையும் கவனமாகக் கேட்கிறவன்.

பிறகு அரசாங்கம் ஏதோ வரியை உயர்த்தியது. மறுபடி ஏழு மணி, ஒன்பது மணி.

என் மனைவிக்கு இதயக் கோளாறு. அவள் போன பிறகும் அவளுடைய மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

முதலில் ஓய்வுபெற்ற தபால்காரர். டெனர், ஜன்னல் பக்கம். தங்கமான மனிதர். பக்தி ஏற ஏற சுருதி இறங்கும், அவ்வளவுதான். ஒத்திகை முடிந்ததும் ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். "தேன் தூக்கலா இருக்கு மாஸ்டர்" என்று சப்புக்கொட்டினார். வீட்டுக்குப் போய்ப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அடக்கத்துக்கு நான்கு குரலும் வந்தன. சபை மறுபடி ஒன்றானது. நகரசபைத் தேர்தல் வரை தாங்கியது.

அடுத்தது ஃபேன் பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். ஒரே பக்கத்தில் எடுத்தால் பாரபட்சம் என்று பேசுவார்கள். தையல்காரம்மா. ஆல்ட்டோவில் நிற்கச் சொன்னால் பாதி வழியில் சோப்ரானோ வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற குரல். அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களில் முன்னால் நின்றது மருந்துக்கடைக்காரர். "இனி என்னைத் திட்ட யாருக்கா இருக்கா?" என்று தேம்பினார். இதைவிட என்ன ஒற்றுமை வேண்டும் ஐயா?

அதுவும் நீடிக்கவில்லை. ஒரே ஆராதனைதான், ஆனால் ஜெபத்தின்போது இருமல் திரும்ப ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது ஆள், வங்கியில் வேலை பார்த்த டிராக்டர். அவருடைய பேஸ் குரலுக்காக வந்த பட்டம் அது. குரல் டிராக்டர்தான்; ஸ்டீயரிங் கிடையாது. ஜன்னலிலிருந்து ஃபேனுக்கு மாறி உட்கார்ந்தவர் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் பொது.

இங்கேதான் நான் சறுக்கினேன். முந்தைய இரண்டு அடக்கத்திலும் தயாரிப்பு போதாது. கடைசிச் சரணத்தில் ஆண்கள் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடினார்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த முறை முன்கூட்டியே அடக்கப் பாட்டை ஒத்திகைக்கு எடுத்தேன். டிராக்டரும் வந்து மனமுருகப் பாடினார்.

ஆர்கன் வாசிக்கிற பெண், போதகரின் தங்கை, நடுவில் நிறுத்தினாள்.

"யார் போயிட்டாங்க மாஸ்டர்?"

"யாரும் இல்லம்மா. தயாரா இருப்போமேன்னுதான்."

"சரி. டிராக்டர் அண்ணனோட தனி வரியை ஏன் பேக்கரிக்காரருக்குக் குடுத்தீங்க? அண்ணன் இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே?"

நான் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தேன்.

"விடு தங்கச்சி, மாஸ்டர் எனக்கு ரெஸ்ட் குடுக்கிறார்" என்று டிராக்டர் சிரித்தார்.

மறுநாள் அவர் இறந்தார். அவள் நேராக உங்களிடம் வந்தாள்.

ஆமாம் ஐயா. மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். சபை ஒன்றாக இருப்பதற்காக மட்டும்தான். மூவருக்கும் பொதுவாக ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. மூவருமே சுருதி விலகிப் பாடுகிறவர்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாளாம். அது தற்செயல்.

வெளியே கேட்கிறதா? ஜன்னலும் ஃபேனும் ஒன்றாக நின்று என்னைத் தூக்கில் போடச் சொல்லிக் கத்துகிறார்கள். ஒரே கோஷம், ஒரே தாளம். போதகர் கனவு கண்ட சபை இதுதான்.

ஒரே ஒருவர் மட்டும், கேட் பக்கமிருந்து, அரைக் கட்டை இறங்கி இழுக்கிறார். பேக்கரிக்காரர். பாவம், தொண்டை கட்டியிருக்கிறது.

ஐயா, அந்த ஃபிளாஸ்க்கைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்.