வரைந்த கதவு

இந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சார். சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று வாங்கணும் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாளாகச் சொல்கிறார். வாடிக்கையாளர் கண்ணில் படாத சாமான்தானே என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

அவர் முன்னால் யாருக்கோ விளக்கு எரியவிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். நாம் இந்த உள்ளறையில் பேசுவது அவருக்குக் கேட்காது. பொத்தான் கடையின் முகப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மறுபடி வண்ணம் பூச அதைக் கழற்றிய ஓவியர்தான் காவல் நிலையத்துக்கு உங்களைத் தேடி வந்ததாகச் சொன்னீர்கள். பலகையின் உள்பக்கம் முழுக்கக் கீறல் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். தெருவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனதும் இந்தக் கடைத்தெரு நோயாளி மாதிரி ஆகிவிட்டது. முதலில் செருப்புக் கடை மூடினது. பிறகு பாத்திரக் கடை. பூட்டிய கடை ஒன்று பக்கத்துக் கடையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், சார். நாங்கள் விளக்குக் கடை வைத்திருக்கிறோம், ஆனால் பாதி விளக்குகளை அணைத்துவைத்துத்தான் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பேக்கரிக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். 'அவனவன் கடையை அவனவன் பாத்தது போதும். தெருவையே ஒரு கடையா நெனச்சுப் பாப்போம்' என்றார். அப்படித்தான் எங்கள் மேம்பாட்டுக் குழு பிறந்தது. அவர் தலைவர், நான் செயலாளர்.

காலையில் கடை திறப்பதற்கு முன் எல்லோரும் சேர்ந்து பெருக்குவோம். எல்லாக் கடைக் கதவுக்கும் ஒரே நிறம் பூசினோம். உட்கார மர இருக்கைகள், நடுவில் பூந்தொட்டிகள். கம்பத்துக்குக் கம்பம் விளக்கும் ஒலிபெருக்கியும் நான் மாட்டினேன். மெல்லிய இசை ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி உங்கள் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான்.

பூட்டிய கடைகளுக்கு யோசனை சொன்னவர் அந்த ஓவியர். ஒவ்வொரு பூட்டிய கடையின் முகப்பையும் முழுசாக மறைக்கிற மாதிரி ஒரு பலகை, அதில் திறந்த கடை ஒன்றின் ஓவியம். செருப்புக் கடையில் செருப்புகள் அடுக்கியிருக்கும், பாத்திரக் கடையில் பாத்திரம் மின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கடையும் திறந்திருக்கிற மாதிரியே இருக்கும். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வேலை செய்தது, சார். ஜனங்கள் படம் எடுக்க வந்தார்கள், வந்தவர்கள் வாங்கினார்கள். செருப்புக் கடைப் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு இளம் தம்பதி அந்த இடத்தையே வாடகைக்கு எடுத்து நிஜமாகவே செருப்பு விற்க ஆரம்பித்தார்கள். அன்று பேக்கரிக்காரர் தெருவுக்கே கேக் கொடுத்தார்.

பொத்தான் கடை என் அக்காவுடையது.

எங்கள் கடைக்கு நேர் எதிரே. அம்மா போனபோது நான் பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. அப்பாவும் கொஞ்ச நாளில் போய்விட்டார். அக்காதான் அந்தச் சின்னக் கடையில் பொத்தானும் நூலும் ரிப்பனும் விற்று என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குச் செய்துவைத்தாள். என் வீட்டுக்காரர் அப்போது இந்தக் கடையில் அவர் அப்பாவுக்கு உதவியாக இருந்தார். தினமும் நூல்கண்டு வாங்க வருவார். ஒரு நாள் அக்கா அவர் முன்னாலேயே என்னிடம், 'பாப்பா, இவன் வாங்கின நூலுக்கு இந்நேரம் ஒரு கப்பல் பாயே தைச்சிருக்கலாம். என்ன வேணும்னு நேரா கேளு' என்றாள். அவர் காது சிவந்துபோனது. அடுத்த மாதம் எங்கள் நிச்சயம்.

தெரு படுத்தபோது அவள் கடையும் படுத்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைக்குள்ளேயே குடிவந்துவிட்டாள். எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டோம். வரவில்லை. ஒரே வாசல் உள்ள கடை அது, பின்னால் வங்கியின் சுவர். கைபேசியும் வைத்துக்கொள்ள மாட்டாள். 'தெருவுக்கு அந்தாண்ட நீ இருக்கே, கூப்பிட்டா கேக்கப் போகுது' என்பாள். மதியச் சாப்பாட்டை என் வீட்டுக்காரர்தான் எடுத்துக்கொண்டு போவார். அவளுக்கு இழுப்பு உண்டு. உறிஞ்சுகிற மருந்துக் குப்பி தீர்வதற்கு முன்பே நான் புதிது வாங்கிக் கொடுத்துவிடுவேன். அதில் நான் தவறியதே இல்லை.

நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், நாளெல்லாம் கசங்கிய உடையோடு, தலைகூட வாராமல், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். போகிற வருகிறவர்களோடு பேச்சு. எங்கள் பேக்கரித் தலைவரைப் பார்த்தால், 'உன் ரொட்டியைவிட உன் மீசை நல்லா உப்பியிருக்குடா' என்பாள். ஜன்னல் திரை வாங்க வந்த பெண்ணிடம், 'அந்தக் கடையில வாங்காதே, ஒரு தடவை துவைச்சா கைக்குட்டை ஆயிடும்' என்பாள். சிலர் சிரிப்பார்கள். சிலர் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவார்கள். ஒதுங்கிப் போகிறவர்களை மட்டும்தான் நான் கவனித்தேன்.

அவள் முகப்புக்கும் பலகை வைத்தோம். அவள் உள்ளே குடியிருப்பதால் பலகையிலேயே ஒரு கதவு வெட்டி, கீல் வைத்துத் தச்சர் செய்துகொடுத்தார். ஓவியத்தில் அலமாரி நிறையப் பொத்தான்கள், நடுவில் இளம்பெண்ணாக அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். நான் கொடுத்த பழைய படத்தைப் பார்த்து வரைந்தது. அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, 'யாருடி இவ, இத்தனை பல்லோட? எனக்கு இந்த வேலைக்கு ஆள் வச்சுட்டீங்களா?' என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், சார். அதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் சண்டைக்காரிகள் இல்லை.

பிறகுதான் நகர நிர்வாகம் அறிவித்தது. ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, வண்டிகள் வராத நடைபாதையாக்கி, பேருந்தையும் தெருமுனைக்குத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள். நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள். கிடைத்தால் பிழைப்போம், இல்லையென்றால் பலகைகள்தான் மிஞ்சும்.

கூட்டம் முடிந்ததும் பேக்கரிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சங்கடத்தோடுதான் கேட்டார். 'அன்னிக்கு ஒரு மதியம் மட்டும் அக்காவ உங்க வீட்ல வச்சுக்க முடியுமா?'

அக்காவிடம் கேட்டேன்.

'வர்றவங்க என்னைப் பாக்கக் கூடாதா? நான் என்ன சாக்கடையா, மூடி வைக்க?'

'அப்படி இல்லக்கா. ஒரு மதியம்தானே.'

'யாருன்னு கேட்டா காவல்காரின்னு சொல்லிடு. சம்பளம் வேணாம்னும் சொல்லு, சந்தோஷப்படுவாங்க.'

அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

நகர அதிகாரிகள் வருகிற அன்று காலை ஓவியர் எல்லாப் பலகைகளுக்கும் பளபளப்புக்காக வார்னிஷ் அடித்துவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன் அக்கா கொஞ்சம் படுப்பது வழக்கம். அவள் தூங்கிய நேரம் பார்த்து, திருப்புளியும் திருகாணிகளும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். காற்றில் அந்தக் கதவு அடித்துக்கொள்ளும், அதனால் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினேன். எங்கள் வீட்டில் திருகாணி முடுக்கத் தெரியாதவர்கள் கிடையாது. பேக்கரி வாசலில் நின்றிருந்த தலைவர் பார்த்தார். 'காத்து அதிகமோ?' என்றார். 'ஆமா' என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், சார். அவர் கேட்டது காற்றைப் பற்றி மட்டும்தான்.

கடைக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தார். 'நான் குடுத்துட்டு வந்துட்டேன்' என்றேன். 'டப்பா என் கையில இருக்கே' என்றார். 'அக்காவுக்கு இன்னிக்கு ரொட்டி போதுமாம், பேக்கரியில வாங்கிக் கொடுத்தேன்' என்றேன். அவர் நம்பினார். என்னை எப்போதுமே நம்புவார். நூல்கண்டு காலத்திலிருந்து அப்படித்தான்.

நகரக் குழு வந்தது. தலைமை அதிகாரி ஒரு அம்மாள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். நான் பக்கத்திலேயே நடந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பொத்தான் கடை முன்னால் நின்று, 'இந்த ஓவியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு' என்றார். நாங்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

படம் எடுக்கும்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது.

'உள்ளே யாராவது இருக்காங்களா?' என்று அந்த அம்மாள் கேட்டார். 'குழாய் ரிப்பேர் பாக்குறாங்க. கடையைத் திருப்பித் திறக்கப் போறோம்' என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். குழுவை பேக்கரிக்கு அழைத்துப்போகச் சொல்லித் தலைவரிடம் விட்டுவிட்டு, நான் ஒரு நிமிடம் பின்தங்கினேன்.

பலகைக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

'பாப்பா,' என்றாள். 'கதவு தொறக்க மாட்டேங்குது. இந்த வாசனை எனக்கு ஆகலடி. குப்பி தீந்துபோச்சு.'

வார்னிஷ் வாசனை அவளுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு மரப்பெட்டி வாங்கியபோது அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. புதுக் குப்பி என் கைப்பையில் இருந்தது. காலையில்தான் வாங்கியிருந்தேன்.

'கொஞ்ச நேரம்க்கா' என்றேன். அவள் உடனே தட்டுவதை நிறுத்தினாள். நான் சொன்னால் கேட்பாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பேக்கரியில் அவர்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி சத்தம் வந்தது. தட்டுகிற சத்தம் இல்லை, பிறாண்டுகிற சத்தம். எனக்குத்தான் கேட்டதோ என்னவோ. இந்த அறைக்கு வந்து இசையைக் கூட்டினேன். அவர்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்றுதான் கூட்டினேன்.

இல்லை. நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதால் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அதற்காக இல்லை. காற்றும் இல்லை அன்று. ஒரு இலைகூட அசையவில்லை.

சாயங்காலம் அவர்கள் கிளம்பிப் போனதும் திருகாணிகளைக் கழற்றினேன். அக்கா கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே உட்காரும் அதே மாதிரி, தெருவைப் பார்த்து. தலை வாரியிருந்தாள், சார். நல்ல புடவை கட்டியிருந்தாள். வர்றவங்க பார்த்தால் எனக்கு அவமானமாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். நான் அத்தனை தடவை சொன்னதில் அது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமாக இருப்பது அதுதான். கண்ணாடி பார்க்க முடிவதில்லை. எதிர்க்கடையைப் பார்க்க வேண்டாம் என்று கல்லாவைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

அவளைப் படுக்கையில் கிடத்தினேன். நகத்தில் ஒட்டியிருந்த மரச் சிராய்களை எடுத்தேன். புதுக் குப்பியைத் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு வெளியே வந்து அழுதேன். அது நடிப்பு இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னேன். இழுப்புக்காரி என்பது தெருவுக்கே தெரியும், மருத்துவர் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். 'மதியம் நான் போயிருந்தா பாத்திருப்பேனே' என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைத் தேற்றுவதும் நான்தான்.

எங்கள் தெருவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நீங்களே பார்க்கிறீர்களே, இருக்கைகளில் இடமில்லை. மூடின கடை ஒன்றுகூட இல்லை, பொத்தான் கடையைத் தவிர.

சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை, சார். குப்பி கையில் இருந்தது, திருப்புளியும் இருந்தது, தெருவைக் கடந்தால் அக்கா. நான் கடக்கவில்லை. அவள் வெளியே வந்தால் எப்படி இருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இருமிக்கொண்டு, தலைவிரிகோலமாக, அந்த அம்மாள் முன்னால். அவள் உயிரைவிட அது பெரிதாகத் தெரிந்தது. கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போகலாம், நான் தயார். ஒரே ஒரு வேண்டுகோள். கடை வழியாக வேண்டாம், பின்பக்கமாகப் போய்விடலாம். என் வீட்டுக்காரரிடம் இப்போது சொல்லாதீர்கள், கடையை மூடும்போது சொல்லிக்கொள்ளலாம். இப்போது சொன்னால் அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவார். இன்று விடுமுறை நாள், சார். தெருவில் நல்ல கூட்டம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?