ராயின் பூட்ஸ்

பெயர்: மார்லா கே பென்னிங்
வயது: 48
தொழில்: நெப்ராஸ்காவில் அவசர அழைப்பு மையம் ஒன்றில் அழைப்பு எடுப்பவர், ஓய்வு பெற்றவர்
முகவரி: இல்லை. விவரம் கீழே.

வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் காவல் அதிகாரி ஒர்டேகா என் நிரந்தர முகவரியைக் கேட்டார். இல்லை என்றேன். அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது என்றார். வெளியே நிற்கும் வெள்ளை வீட்டுவண்டியின் எண்ணை எழுதச் சொன்னேன். என் தம்பி டேரலின் வீட்டு முகவரியை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுதக் கூடாது என்றேன்.

என்னை மனநலப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்புவதா, என் வழியில் போக விடுவதா என்பதை நான் இப்போது சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்யப்போவதாக அதிகாரி விளக்கினார். அது புரிந்த பிறகே, அரிசோனாவில் வீட்டுவண்டிகளை நிறுத்தித் தங்கும் சால்ட் வாஷ் முகாமின் அலுவலக அறையில் உட்கார்ந்து, தெளிந்த புத்தியோடு இதைச் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவள். திருமணம் ஆகவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்த்தேன். என் இடது காதுக்கு மேலே, அழைப்பு கேட்க மாட்டும் ஹெட்செட் அழுந்திய இடத்தில், முடி மெலிந்திருக்கிறது. கூப்பிட்டவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. முழு ஓய்வூதியம் கிடைக்கும் வருடம் வந்ததும் வேலையை விட்டு, வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள ஒரு வண்டி வாங்கி, அதிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போவது என்று பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். இது திடீரென்று வந்த யோசனை அல்ல. வாடகை வண்டி எடுத்து, சனி ஞாயிறுகளில் கடைகளின் வாகன நிறுத்தத்தில் படுத்துத் தூங்கிப் பழகினேன். கழிவுத் தொட்டியைக் காலி செய்யக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை குழாய் நழுவி முழங்கால் வரை நனைந்தது. அப்போதும் மனம் மாறவில்லை.

சென்ற செப்டம்பரில் ஓய்வு பெற்றேன். அதே வாரம் டேரல் வீட்டுக்கு வந்து, "சும்மாதான இருக்கப்போற? எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல ரூம் இருக்கு. அப்பாவப் பாத்துக்கிட்டு அங்கயே இருந்துடு" என்றான். அம்மா படுக்கையில் கிடந்த ஏழு வருடமும் பார்த்துக்கொண்டது நான். அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவன் முறை என்று சொன்னேன். "ஒத்தப் பொம்பள இவ்ளோ பெரிய வண்டிய ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றான். "அந்த நாலு பேரையும் உன் கீழ்த்தளத்துல வெச்சுக்க" என்றேன். அதன் பிறகு அக்டோபர் கடைசியில் புறப்பட்டேன்.

பூட்ஸ் பற்றி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். தனியாக வண்டியில் வாழும் பெண்களில் நான் சந்தித்த அநேகம் பேர், உள்ளே ஓர் ஆண் இருப்பதுபோல் தெரிய, நிறுத்தும் இடத்தில் கதவுப் படிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய ஆண் பூட்ஸை வைப்பார்கள். இரண்டு மடக்கு நாற்காலி போடுவார்கள். சிலர் நாய் இல்லாமலே நாய்க் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள். நானும் பழைய துணிக்கடை ஒன்றில் பதின்மூன்றாம் அளவு பூட்ஸ் வாங்கினேன். மேல் தோலில் சேறு பூசுவேன். தினமும் காலையில் இடம் மாற்றி வைப்பேன். பூட்ஸுக்கு உரிய கணவருக்கு ராய் என்ற பெயரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆபத்தில் ஒரே மூச்சில் கத்திக் கூப்பிட அது வசதியான பெயர்.

சால்ட் வாஷ் முகாமுக்கு நான் வந்த அன்று மாலையே, மூன்று இடம் தள்ளிச் சாம்பல் நிற பிக்கப் வண்டியில் தங்கியிருந்த ஒருவர் வந்து, "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே தூங்குகிறார் என்றேன். அவர் பூட்ஸைப் பார்த்தார். "பெரிய ஆளு போல" என்றார். ஆமாம் என்றேன். போய்விட்டார். அதற்குப் பிறகு நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவர் தன் வண்டிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வேறு எதுவும் செய்யவில்லை. அந்தப் பூட்ஸ் இல்லாவிட்டாலும் அவர் எதுவும் செய்திருக்க மாட்டார் என்று யாராவது எனக்கு உறுதி கொடுக்க முடியுமானால், அதை இங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

பக்கத்து இடத்தில் மினசோட்டாவிலிருந்து வந்த லாயல் ஸ்டென்சன், அவர் மனைவி பெவ் ஆகிய இருவரும் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். மறுநாள் பெவ் வந்து, "ஏன் கண்ணு, உன் வீட்டுக்காரரு வெளிய தலையே காட்ட மாட்டேங்கறாரு?" என்று கேட்டார். ராய்க்கு இரவெல்லாம் கம்ப்யூட்டரில் வேலை, பகலில் தூங்குவார் என்றேன். "எங்க லாயலும் பகல்லதான் தூங்கறாரு. ராத்திரியும் தூங்கறாரு. வேலைதான் இல்ல" என்றார். அன்று மாலை ராய்க்காக என்று சொல்லி ஒரு கண்ணாடித் தட்டு நிறைய, மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட டூனா ஹாட்டிஷ் கொண்டுவந்து கொடுத்தார். அதை நான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, ராய்க்கு மிளகு கொஞ்சம் தூக்கலாக வேண்டுமாம் என்று சொன்னேன். நானே சொல்வதாகச் சொல்லியிருந்தால் அது குறை சொன்னதாக ஆகியிருக்கும். ராய் சொன்னார் என்றதும் பெவ் சிரித்தார். அடுத்த முறை மிளகு சரியாக இருந்தது.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ராய் தூங்குகிறார் என்று சொன்னால் முகாமில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். லாயல் தன் ஜெனரேட்டரைக்கூட அணைத்தார். நான் தூங்குகிறேன் என்பதற்காக யாரும் எங்கேயும் எதையும் அணைத்ததில்லை.

அதன் பிறகு நேற்று மாலை என் வண்டியின் குளிர்பெட்டி சரியாக ஓடவில்லை. வண்டி சமமாக நிற்காவிட்டால் அது ஓடாது. ஒரு பக்கச் சக்கரத்தின் கீழிருந்து மணலை அள்ள வேண்டியிருந்ததால் லாயலிடம் மண்வெட்டி கேட்டேன். கொடுத்தார். "ராய எழுப்பேன், வந்து தோண்டட்டும்" என்றார். வேண்டாம், அவர் எழுந்திருக்க மாட்டார் என்றேன். பொழுது சாயும் நேரம். ஒரு வாரமாக யார் கண்ணிலும் படாத ஒரு கணவனைப் பற்றி, கையில் மண்வெட்டியோடு நான் அப்படிச் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது. பெவ் ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் செய்ததில் தவறில்லை. அந்த அழைப்பை எடுத்தது நானாக இருந்தால் நானும் ஆள் அனுப்பியிருப்பேன்.

இன்று காலை அதிகாரி ஒர்டேகா வந்து கதவைத் தட்டினார். உங்கள் கணவரைப் பார்க்க வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் பெவ்வும் லாயலும் முகாமில் இருந்தவர்களும் கூடியிருந்தார்கள். சாம்பல் நிற பிக்கப்காரர் காப்பிக் கோப்பையோடு கம்பத்தில் சாய்ந்து நின்றார். உள்ளே வாருங்கள், தனியாகச் சொல்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். "இங்கயே சொல்லுங்க மேடம்" என்றார். இரண்டாவது முறையும் கேட்டேன். அதே பதில். நான் அவரிடம் உள்ளே யாரும் இல்லை, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. ராய் எங்கேயோ போயிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்து லாயல்தான், "ஐயையோ, ஓடைப் பக்கம் நடந்து போயிருப்பாரு. வெயில்ல வழி தெரியாமப் போயிருக்கும்" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் பாதி முகாம் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. யாரோ தண்ணீர் பாட்டில்களை எடுத்தார்கள். யாரோ விசில் ஊதினார்கள். வறண்ட ஓடைக்குள் இறங்கி, முள்ளுக்கும் கள்ளிக்கும் நடுவே, ராய், ராய் என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். நான் படியில் நின்று பார்த்தேன். முன்பின் தெரியாத மனிதர்கள். வயதானவர்கள். ஒரு அம்மா ஊன்றுகோலோடு போனார்.

எந்த முகாமிலும் எந்தக் காரணத்துக்காகவும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஒரு வாக்கியத்தை நான் வைத்திருந்தேன். யாருக்காவது மயக்கம் வருவதற்குள் அதைச் சொல்வது என்று முடிவு செய்து, வண்டிக்குள் ஏறி ஹாரனை விடாமல் அழுத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். படியில் நின்று, "ராய்னு யாரும் இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. இந்த வண்டியில நான் மட்டும்தான் இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

ஓடையின் வளைவுக்கு அப்பால் போய்விட்ட லாயலுக்கு மட்டும் இது கேட்கவில்லை. "பயப்படாத ராய், வந்துட்டோம்" என்று அவர் கூப்பிடும் சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. பிக்கப்காரர் என்னைப் பார்த்துக் காப்பிக் கோப்பையைச் சற்று உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு அதிகாரி பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பாகத்தில் கடை ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. பூட்ஸைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். என்னை அலுவலக அறைக்கு அழைத்து வந்து, என் போனில் அவசரத் தொடர்பாகப் பதிந்திருந்த டேரலுக்குப் போன் செய்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். டேரல், "அவளுக்குப் புருஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இல்லாத ஆளோட குடும்பம் நடத்தறான்னா நீங்களே புரிஞ்சிக்கோங்க. ஆஸ்பத்திரியில சேத்து வைங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். எங்கே கூட்டிக்கொண்டு போவான் என்று அதிகாரி கேட்கவில்லை. நான் கேட்டேன். "வேற எங்க? வீட்டுக்குத்தான். அப்பா பகல்ல தனியா இருக்காரு" என்றான்.

இதற்கு என் பதில்: நான் ராயோடு ஒரு நாளும் பேசியதில்லை. அவருக்குத் தட்டு வைத்ததில்லை. அவர் வருவார் என்று காத்திருந்ததில்லை. ராய் இல்லை என்பது இந்த முகாமில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அவரை நம்பியது மற்றவர்கள். பரிசோதனை என்று வந்தால் அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

உங்கள் மனைவி தனியாக நெடுந்தூரம் போய், முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வந்து தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டால், என்ன பதில் சொல்லச் சொல்லுவீர்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். இதெல்லாம் பதிவில் வராது என்றார். அவர் பதில் சொல்லவில்லை என்பது பதிவில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சற்று யோசித்துவிட்டு எழுதினார்.

இந்த இடத்தில் பெவ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதிகாரி வெளியே இருக்கச் சொன்னார். அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "மூணு தடவ சமைச்சுக் குடுத்தேன். அவ்வளவையும் நீயேவா தின்ன?" என்றார். ஆமாம் என்றேன். "மிளகு?" என்றார். நான்தான் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "லாயலுக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பூட்ஸ எங்க வாங்கின?" என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

இப்போது இந்த அறையின் ஜன்னல் வழியாக என் வண்டி தெரிகிறது. லாயலின் பூட்ஸை பெவ் என் கதவுப் படிக்குப் பக்கத்தில் வைத்து, சரியாக இல்லை என்று ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். லாயல் பக்கத்தில் சாக்ஸோடு நிற்கிறார். அவரிடம் வேறு பூட்ஸ் கிடையாது. ஆகவே என்னுடையதைச் சீக்கிரம் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் யாரையும் ஏமாற்றிப் பொருளோ பணமோ பெறவில்லை, ஹாட்டிஷ் நீங்கலாக. யாரையும் தேடச் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போக நான் சம்மதிக்கவில்லை. டேரல் வரும் வரை காத்திருக்கவும் சம்மதிக்கவில்லை. இங்கிருந்து எங்கே போகிறேன் என்று அதிகாரி கேட்டார். சொல்ல விருப்பமில்லை. வயது வந்த ஒருவர் தான் இருக்கும் இடத்தைத் தன் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று காவல் துறையிடம் கேட்டுக்கொள்ளலாம். வேலையில் இருந்தபோது நான் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். இன்று எனக்காகக் கேட்கிறேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். "தனியாக அலைந்துவருகிறார்" என்று அவர் தன் குறிப்பில் எழுதியிருந்ததை அடித்து, "தனியாக வசித்துவருகிறார்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ள எல்லாம் உண்மை. உண்மை அல்லாதது ராய் மட்டுமே. அவரை விட்டுவிடும் எண்ணம் எனக்கு இல்லை. இனி நான் தங்கும் எந்த இடத்திலும், யார் வந்து கேட்டாலும், என் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்.

(ஒப்பம்) மார்லா கே பென்னிங்
பதிவு செய்தவர்: ஒர்டேகா

அதே நாள், பிற்பகல்: பையில் எடுத்துச் சென்ற பூட்ஸ், ஒரு ஜோடி, அளவு பதின்மூன்று, சேறு உலராத நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.
(ஒப்பம்) ராய்க்காக, மார்லா கே பென்னிங்