மின்னலக்காவைப் பிழைக்க வைத்தது நான்தான்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. அச்சகத்துக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். பதினேழு வருடமாக ‘மின்னலக்கா’ சித்திரக்கதை மாத இதழுக்குக் கதை எழுதி, என் அண்ணன் பென்சிலில் போடும் படங்களுக்கு மை போட்டு வருகிறேன். முதல் இதழில் மின்னலக்கா பறந்தபோது அண்ணன் வரைந்த கூந்தல் அசையாமல் நின்றது. நான் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்ததும் காற்றில் பறந்தது. அன்றே இந்தத் தொழில் என்னைப் பிடித்துக்கொண்டது.

சென்ற திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் இருவரையும் அழைத்து, இருநூறாவது இதழில் மின்னலக்கா சாக வேண்டும் என்றார். “செத்தாத்தாம்மா விக்கும்” என்றார். அதன் பிறகு அண்ணன் வரைந்து கொடுத்தார், நானும் மை போட்டுக் கொடுத்தேன். இடிந்த பாலத்தின் அடியில் அவள் கை மட்டும் வெளியே தெரியும் படம் அது. வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அதே பாலத்தை அவள் தோளில் தூக்கி நிறுத்துவதாக, பென்சிலே தொடாமல் நேராக மையில் போட்டேன். “யாருடா சொன்னது, நான் செத்துட்டேன்னு?” என்று அவள் வாயில் எழுதினேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அச்சகம் சென்று, கடைசிப் பக்கத்தில் திருத்தம் என்று அச்சுத் தகடு எடுப்பவரிடம் பொய் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு வேறெதுவும் தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. பார்த்ததும் அவர், “டேய், அக்கா பொழைச்சுட்டாங்கடா!” என்று கத்த, மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடி வந்து கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதழ் கடைகளுக்குப் போன பிறகுதான் முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்மேல் புகார் கொடுத்தார். அன்று மாலைக்குள் எந்தக் கடையிலும் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அண்ணன் போன் செய்து, “வலது தூணு கோணலா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வைத்துவிட்டார்.

இன்று காலை முதலாளி இந்தக் காவல் நிலையத்துக்கே வந்து, “புகாரை வாபஸ் வாங்கிடறேம்மா. ஆபீஸ்ல எடுத்த முடிவுன்னு மட்டும் சொல்லிடு” என்றார். நான் சம்மதிக்கவில்லை. வழக்கு நடந்தாலும் பரவாயில்லை. இருநூறு இதழில் ஒன்றில்கூட என் பெயர் அச்சானதில்லை. இந்தத் தாளிலாவது இருக்கட்டும். அந்தப் பக்கத்தை எழுதியவளும் வரைந்தவளும் நான் ஒருத்தியே.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம், முழுப் பெயருடன்)