டிஸ்சார்ஜ் என்றார் துரை

நேற்று கோர்ட்டில் என்னை விடுதலை செய்தீர்கள். ராயப்பன்பட்டியிலிருந்து நடக்கிற தூரம்தான். நேரில் வந்து நன்றி சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

ஐயா, பல வருஷமாகக் கால்வாய் துரைக்கு நான்தான் துபாஷி. அவர் இங்கிலீஷில் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் சொல்வேன். போன தை மாதம் அவர், "டிஸ்சார்ஜ் என்ன?" என்று கேட்டார். யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை என்றேன். போடியிலிருந்து வந்த மேஸ்திரி சுயம்புலிங்கம் சிரித்துவிட்டான்.

"அண்ணே, தண்ணி எம்புட்டுப் போகுதுன்னு கேக்குறாக."

துரையும் சிரித்தார். மண் சுமந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போய் அகராதியைப் பிரித்தேன். ஆளை வேலையிலிருந்து அனுப்புவது, தண்ணீரைத் திறந்துவிடுவது, துப்பாக்கி சுடுவது, புண்ணில் சீழ் வடிவது, கைதியை விடுவிப்பது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். இனி எவனும் என்னைத் திருத்த வேண்டியிராது.

பங்குனியில் சுருளிப்பட்டிப் பக்கம் தண்ணீரை நிறுத்தித் தூர் வாரினோம். வளைவுக்கு அப்பால், பாலத்தடியில், சுயம்புலிங்கமும் ஆட்களும் சேற்றில் நின்றார்கள். மடையருகே காரில் ஏறிய துரை, "டிஸ்சார்ஜ்" என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டுப் போனார்.

மடைக்கார மொக்கைச்சாமியிடம், "தண்ணியத் தொறக்கச் சொல்லுறாக" என்றேன்.

அவன் தயங்கினான். "எங்க வீட்டுக்காரி அங்கன நிக்காளே ஐயா?"

"எல்லாரும் கரையேறிட்டாக. நான் பாத்துட்டுத்தான வாரேன்."

திறந்தான்.

சுயம்புலிங்கத்தைப் பாலத்தூணில் எடுத்தார்கள். மொக்கைச்சாமியின் மனைவி பஞ்சம்மாளின் உடல் வெகுதூரம் தள்ளிக் கரையொதுங்கியிருந்தது. அவள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கூடையோடு அங்கே நின்றாள், அவ்வளவுதான். "ஏறிட்டாகன்னு சொன்னீகளே ஐயா" என்று மொக்கைச்சாமி என்னிடம் ஒருமுறை கேட்டான். மறுநாள் புளியமரத்தில் தொங்கினான்.

உங்கள் தீர்ப்பை நின்றுகொண்டே கேட்டேன். பல பொருள் உள்ள சொல், துபாஷிக்கு இங்கிலீஷ் போதாமல் நேர்ந்த பிழை, குற்றமில்லை. வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மனைவி கிருபாவதி ஜெபம் சொல்லி அழுதாள். வாசலில் நின்ற குமாஸ்தாக்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஐயா, அந்தத் தீர்ப்பு தப்பு. ஆட்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் துரை. கேட்டவுடனே எனக்கு அது விளங்கிவிட்டது. அவர்கள் கீழே நிற்பதும் தெரியும். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இங்கிலீஷ் போதாதவன் என்கிற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.