ஊதினாலும் இழுத்தாலும்

தாம்பரத்தில் புறப்பட்ட பீச் லோக்கலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து போன வாரம்தான் திரும்பியிருக்கிறார்கள். குரோம்பேட்டை தாண்டியதும் அவர் சொன்னார்:

“எஸ்தர், சீனாக்காரங்க மூச்சை வீணாக்குறதே இல்ல.”

“திடீர்னு என்னங்க இது?”

“அந்தச் சீன ஆர்கெஸ்ட்ராவுல ஒருத்தர் மூங்கில் குழாயைக் கட்டா கட்டி வச்சிருந்தாரே. ஊதினாலும் பாடுது, மூச்சை உள்ள இழுத்தாலும் பாடுது.”

“மொத நாள் மக வேற ஒரு கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனாளே, ட்ரம்பெட்டும் கிளாரினெட்டுமா, நம்ம சர்ச் பேண்டு மாதிரியே ஆனா பெருசா. அதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்.”

“பிடிச்சுது. ஆனா ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் ஊதுறவங்க அத்தனை பேரும் சேந்து மூச்சு இழுத்தாங்களா, நானும் இழுத்தேன். இழுத்த மூச்சை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?”

“டாக்டர் ட்ரம்பெட் ஊதக் கூடாதுன்னுதான் சொன்னாரு, கேக்கக் கூடாதுன்னா சொன்னாரு? சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடியே மூணு மாசமா சர்ச்சுக்கு வரல நீங்க.”

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் செடித்தொட்டிகளோடு ஏறியது. அந்த அம்மா அவரை ஒட்டி நகர்ந்தார்.

“பேண்டு ஆரம்பிச்சா என் வாய் தானா குவியுது எஸ்தர். பக்கத்துல இருக்கறவங்க பாக்கறாங்க.”

மீனம்பாக்கத்தில் ரயில் நின்றது. பிறகு அவரே கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை கடைசி பெஞ்சுல உக்காரலாமா?”

“மொத பெஞ்சு. வாய் குவிஞ்சா, பாட்டுப் புஸ்தகத்தை உங்க மூஞ்சிக்கு நேரா நான் பிடிக்கிறேன்.”

அவர் சிரித்தார். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.