வாதைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அந்தக் கதிரையில் இருக்காதீர்கள், அதற்கு ஒரு கால் ஆடும். ஜன்னலோரத்தில் இருப்பதில் இருங்கள், துறைமுகக் காற்று வரும். தேநீர் நானே போடலாம், ஆனால் நீங்கள் குடிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். என் மனைவி கிறேஸ் சாம்பல்தீவில் தமக்கை வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு வருடங்களாகின்றன.

வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொன்னீர்கள். மாகிரட், டொமினிக்கின் மகள், ஆங்கில ஆசிரியை. சொல்லாமலே எனக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தபால் கந்தோர்ப் பக்கம் நின்று இந்த வீட்டைப் பார்த்தீர்கள். கவனிப்பது என் பழக்கம். இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். ஆட்கள் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதைத்தான் கேட்பேன்.

உங்கள் கையில் இருப்பது வழக்குக் கோப்பின் பிரதி. உங்கள் கேள்வி ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ஸ்கர்ஜ். நல்ல கேள்வி. இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

அகராதியில் அதற்கு முதற்பொருள் சாட்டை. அடுத்தது, ஓர் ஊரை வாட்டும் கொள்ளைநோய் அல்லது பஞ்சம். ஆண்டவன் அனுப்பும் தண்டனை என்றும் சொல்வார்கள். ஒருவனுக்கு ஓயாத துன்பமாக வாய்த்த மற்றொருவனையும் அந்தச் சொல்லால் குறிக்கலாம். வினைச்சொல்லாக வந்தால் சாட்டையால் அடித்தல். நீங்கள் படிப்பிக்கிறவர், உங்களுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நான்கில் கங்காணி குணரத்தினத்தின் உடலைத் துறைமுகத்தில், கப்பல் கட்டும் ஜெட்டிப் பாலத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள். முதுகு முழுக்கக் கயிற்றால் அடித்த காயம். அடித்துத் தண்ணீரில் தள்ளியிருக்கிறார்கள் என்று டொக்டர் எழுதினார். உங்கள் அப்பா அங்கே பாரம் தூக்கும் வின்ச் இயக்கியவர். முதல்நாள் எல்லாருக்கும் முன்னால் கங்காணியோடு வாய்த்தர்க்கப்பட்டவர். பிடித்து நீதவான் முன்னால் கொண்டுவந்தார்கள். நீதவான் கொழும்பு ஆள், தமிழ் தெரியாது. அறையில் நாங்கள் மூவர்தான். நீதவான் எழுதினார், உங்கள் அப்பா கதைத்தார், நான் நடுவில்.

"அவன் எனக்கொரு வாதை ஐயா," என்றார் உங்கள் அப்பா.

வாதைக்கு நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். பிழையில்லாத மொழிபெயர்ப்பு. இன்றைக்கு உங்கள் மாணவர்கள் அப்படி எழுதினாலும் நீங்கள் சரி போடுவீர்கள்.

நீதவான் பேனாவை நிறுத்தி, அந்தச் சொல்லையே வினைச்சொல்லாக்கி, நீ அவனை ஸ்கர்ஜ் செய்தாயா என்று கேட்டார். நான் உங்கள் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"அவன் உமக்கு வாதையாய் இருந்தவனோ எண்டு ஐயா கேக்கிறார்."

"ஓம் ஐயா, ஓம்," என்று அவர் இரண்டுமுறை தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நீதவான் தன் கண்ணாலேயே பார்த்தார். நான் ஆம் என்று மட்டும் சொன்னேன். ஆறாம் பக்கத்தில் இருக்கும், பாருங்கள்.

வேறு சொற்கள் இருந்தனவே என்று கேட்பீர்கள். இருந்தன. டோர்மென்ட் என்றிருக்கலாம், பிளேக் என்றிருக்கலாம், அஃப்லிக்‌ஷன் என்றிருக்கலாம். ஆனால் அவற்றுக்குள் சாட்டை இல்லை. டொக்டரின் அறிக்கையை நான் முதல்நாளே வாசித்திருந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். அந்த வருடம் ஒரு நாள் நீதிமன்றம் நேரத்தோடு கலைந்துவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மேசையில் இரண்டு கோப்பைகள். கதிரைக் கையில் வின்ச் கிறீஸ் கறை. நான் கேட்காமலே கிறேஸ் சொன்னாள், டொமினிக் தண்ணீர் கேட்டு வந்தவர் என்று. தண்ணீர் கேட்டவனுக்கு ஏன் கோப்பை, அதுவும் ஏன் இரண்டு? அதற்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் அவள் தலையை வேறுவிதமாக வாரியிருந்தாள். குசினியில் அடுப்பருகே தனியே நின்று மெல்லப் பாடினாள். கலியாணமாகி ஒன்பது வருடத்தில் நான் கேட்காத பாட்டு. நான் சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை.

பிறகு பெரிய நீதிமன்றத்தில், ஜூரியில் இருந்த யூரர்களுக்கு முன்னால் உங்கள் அப்பா எல்லாவற்றையும் மறுத்தார். அவருடைய வழக்கறிஞர் என்னைக் கூண்டில் ஏற்றி, இவர் சொன்னது இதுதானா என்று கேட்டார். பைபிளில் கைவைத்திருந்தேன். இதுதான் என்றேன். ஒரு மணித்தியாலத்தில் தீர்ப்பு வந்தது.

தூக்குக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில் கிறேஸ் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"டொமினிக் இஞ்ச வந்தது இதுக்குத்தான். கிரேன் சோதினை எழுத அவருக்கு இங்கிலீசு வேணும். நீங்கள் படிப்பிக்கக் கூடாதெண்டு சொன்னதால உங்களுக்கு மறைச்சனான். அது என்ர பிழை," என்றாள்.

கலியாணத்துக்கு முன் அவளும் ஆசிரியை. நிறுத்தச் சொன்னது நான்தான்.

"நீங்கள் நீதவானிட்டப் போய்க் கதையுங்கோ. டொமினிக் அப்பிடிச் செய்யிற ஆளில்லை," என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அவர் உண்மையா அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம்," என்றேன்.

அந்தக் கொப்பியை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை வாசித்தேன். கயிறு, நங்கூரம், தூக்கு, இறக்கு, ஆபத்து, மகள். அவளுடைய எழுத்து மேலே, கோணல்மாணலாக அவருடைய எழுத்து கீழே. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்துப் பார்த்தேன். ஓரங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒருவரி கூட இல்லை. இரண்டு பேர் ஆறு மாதம் ஒரு மேசையில் இருந்து இவ்வளவு சுத்தமாக ஒரு கொப்பியை வைத்திருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அடுப்பில் போட்டேன். பத்தொன்பது நாளும் வேலைக்குப் போய்வந்தேன். நீதவானின் அறை என் மேசையிலிருந்து பன்னிரண்டடி தூரம்.

தூக்கிலிட்ட செய்தி வந்த அன்று கிறேஸ் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போனாள்.

குணரத்தினத்தை அடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடுவது என் வேலையும் அல்ல.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது உங்கள் கோப்பில் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். அன்று நீதவானின் அறையில் உங்கள் அப்பா வாதை என்றதோடு நிறுத்தவில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா அவனில நான் கை வைக்கேல்ல. என்ர பிள்ளையாணை," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நீதவான் என்னைப் பார்த்தார், நான் முடிந்துவிட்டது என்று தலையசைத்தேன். உங்கள் அப்பாவைக் கொன்றது நான்தான். நீங்கள் இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அழவேண்டாம், பிள்ளை. நான் எதையும் மறைக்கவில்லை. நீங்களும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உங்களுக்கு அப்போது ஐந்து வயது, ஞாபகம் இருக்கும். வீட்டில் உங்கள் அப்பா கிறேஸைப் பற்றிக் கதைக்கும்போது என்னவென்று சொல்வார்?

டீச்சர் என்றா?

ம். மனைவியும் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்க, வேறு எப்படிச் சொல்வார்.